கருப்பன் வராத சாயங்காலம்

ராமசுப்புவின் மேல் முதன்முதலாகக் கருப்பசாமி இறங்கியபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. கொட்டுச் சத்தம் காதில் விழுந்தது, குதிகாலிலிருந்து ஒரு சூடு விறுவிறுவென்று ஏறியது. அதற்கு மேல் எதுவும் நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது யாரோ தலையில் மஞ்சத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்காலில் முள் தைத்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, வலி தெரியவில்லை. ஊரே கைகூப்பி நின்றது. அதுவரை சாமியாடியாக இருந்த அவருடைய சித்தப்பா, தன் அரிவாளை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போனால் வரும் ஊர். மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். ஊரின் நடுவில் காளியம்மன் கோயில். அம்மன் வாசலில் காவல் நிற்பவர் கருப்பசாமி. பங்குனிப் பொங்கலுக்குக் கருப்பன் இறங்கி வந்து குறி சொன்னால்தான் பெண்கள் முளைப்பாரியைத் தலையில் தூக்குவார்கள்.

மற்ற நாட்களில் ராமசுப்பு அதிர்ந்து பேசாத மனிதர். பருத்திக் காட்டுக்குப் போவார், வருவார், தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் குடத்தோடு நிற்பார். பொங்கலன்று மட்டும் அவர் வேறு ஆள். காணாமல் போன மாட்டைப் பற்றி, தள்ளிப்போகும் கல்யாணத்தைப் பற்றி, போர் போட்டால் தண்ணீர் வருமா என்பது பற்றி எல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னால் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

எல்லா வருசமும் கருப்பன் ஒரே மாதிரி வந்ததில்லை. சில வருசம் அரைகுறையாக வரும். சில வருசம் வராமலே போகும். வராத வருசம் ராமசுப்பு அரிவாளைத் தூக்கிக்கொண்டு நாலு சுற்று ஆடுவார், திருநீறு பூசுவார், வாயை மட்டும் திறக்க மாட்டார். யாராவது குறி கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். தன் சொல்லைச் சாமியின் சொல்லாக ஆக்கக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இளவட்டத்திலிருந்து தலை நரைக்கும்வரை அதை அவர் மீறியதில்லை. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கண்மாய்க்குக் கிழக்கே காலனி. அங்கே இருப்பவர்களின் தகப்பன், பாட்டன் எல்லாம் மேலத்தெருக்காரர்களின் காடுகளில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது அப்படி இல்லை. ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார், இரண்டு பேர் லாரி ஓட்டுகிறார்கள், பெண்கள் மில்லு வேனில் ஏறிப் போகிறார்கள். சங்கையா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சங்கையாவுக்கும் ராமசுப்புவுக்கும் ஒரே வயது. சின்ன வயதில் ராமசுப்புவின் காட்டில் இருவரும் சேர்ந்து பருத்தி எடுத்திருக்கிறார்கள். மத்தியானம் ஒரே வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்தார்கள். தூக்குச்சட்டி மட்டும் வேறு வேறு. சங்கையா வேலையை விட்டு ஆட்டோ வாங்கிய பிறகும் ராமசுப்புவைக் கண்டால் "என்னங்கய்யா, டவுனுக்கா? ஏறுங்க" என்பார். ராமசுப்பு "ஆமாய்யா சங்கையா" என்று முன்சீட்டில் ஏறிக்கொள்வார். சங்கையாவின் மகள் யுவராணி ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்து அருப்புக்கோட்டையில் ஒரு லேபில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

காலனிப் பெண்களும் முளைப்பாரி போடுவார்கள். ஆனால் ஊர்த் தெரு வழியாக வருவதில்லை. காட்டுக்குள் இறங்கி, கண்மாய்க் கரையில் சுற்றிக்கொண்டு போய், ஊருணியின் அந்தக் கரையில் கரைத்துவிட்டுத் திரும்புவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. அப்படியே நடந்து வந்தது. மூன்று வருசத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் அந்தக் கரைப்பாதை உடைத்துக்கொண்டு போனது. பங்குனி பிறந்ததும் காலனியிலிருந்து நாலைந்து பேர் கோயில் கமிட்டியிடம் வந்தார்கள். சங்கையாதான் பேசினார்.

"பாதை போச்சுங்கய்யா. தலையில பாரிய வச்சுக்கிட்டுப் பொம்பளைக பள்ளத்துல எறங்க முடியாது. தெரு வழியா வந்துட்டுப் போயிர்றோம். ரோடு பஞ்சாயத்து ரோடுதான?"

கமிட்டித் தலைவர் சங்கரபாண்டியன் சிரித்தபடி, "பேசிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பி வைத்தார். பேசிச் சொல்லவில்லை. காலனிக்காரர்கள் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தார்கள். அங்கே அனுமதி கிடைத்தது. அது தெரிந்த அன்று கோயில் தகரக்கொட்டகையில் மேலத்தெரு ஆண்கள் எல்லாரும் கூடினார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். சங்கரபாண்டியன் கையைக் காட்டி அமர்த்தினார்.

"நாம வேண்டாம்னு சொன்னா கேஸாயிரும். ஜாமீன்கூடக் கெடைக்காது. சாமி சொல்லிருச்சுன்னா? எவன் வந்து சாமி மேல கேஸு போடப் போறான்?"

இதைச் சொல்லும்போது அவர் ராமசுப்புவைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"கருப்பன் என்ன சொல்றானோ அதான்" என்றார் ஒருவர். "என்ன ராமசுப்பு?"

"ம்" என்றார் ராமசுப்பு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'ம்' அவரைத் தொந்தரவு செய்தது. ஆனால் கருப்பன் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. வந்தால் அவன் பாடு, வராவிட்டால் வழக்கம்போல வாயை மூடிக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பொங்கலன்று சாயங்காலம் வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. கோயில் முன்னால் கூட்டம் நெருக்கியது. வெளியூரில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஓரமாக மூன்று போலீஸ்காரர்கள் மோர்ப்பந்தல் நிழலில் நின்றார்கள். தெருவின் கிழக்கு முனையில் காலனிப் பெண்கள் முளைப்பாரியோடு வரிசையாக நிற்பது தெரிந்தது. பச்சைப் பயிர் தலைக்கு மேல் ஆடியது. முன்வரிசையில் யுவராணி நின்றாள். லேபுக்கு லீவு போட்டு, விரதமிருந்து, முதல் தடவையாகப் பாரி எடுத்திருந்தாள்.

கொட்டு முழங்கியது. ராமசுப்பு அரிவாளைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். குதிகாலில் எதுவும் ஏறவில்லை. தரையின் சூடுதான் தெரிந்தது. கொட்டுக்காரர்கள் அடியை மாற்றிப் பார்த்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். பெண்கள் குலவை விட்டார்கள். கருப்பன் வரவில்லை. அவருக்கு எல்லாமே துல்லியமாகக் கேட்டது. பக்கத்தில் குழந்தை அழுவது, யாரோ செல்போனில் பேசுவது, பின்னாலிருந்து ஒரு இளவட்டம் சொன்னது.

"என்னலே, சாமிக்கே பயம் வந்துருச்சா?"

சுற்றிலும் சிரிப்பு. அது அவர் உடம்பு முழுவதும் ஊசியாகக் குத்தியது. கண்ணைத் திறந்தார். எதிரே சங்கரபாண்டியன், அவருக்குப் பக்கத்தில் பெண்கள் கூட்டத்தில் தன் மனைவி ஈஸ்வரி. அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் அரிவாளை உயர்த்திக் கத்தினார்.

"என் வாசல்ல எவன்டா வழி கேட்டது? நான் காவல் நிக்கிற தெருடா இது! அந்தப் பாரி இந்த எல்லையத் தாண்டக் கூடாது! தாண்டுனா நான் விட மாட்டேன்!"

சொற்களை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நாளாக உள்ளே காத்திருந்ததுபோல அவை வந்து விழுந்தன. அது பின்னால் நினைத்துப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"சாமி சொல்லிருச்சு!" என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு பல குரல்கள். அதற்குப் பிறகு கல். தெருவிலிருந்தும் பறந்தது, மச்சுகளிலிருந்தும் பறந்தது. முளைப்பாரிச் சட்டிகள் உடைந்து மண்ணும் பயிருமாகத் தெருவில் சிதறின. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். ராமசுப்பு அரிவாளோடு அப்படியே நின்றார். நிறுத்துங்கள் என்று சாமியின் குரலில் ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. புழுதிக்கு அந்தப் பக்கம் சங்கையா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் கட்டுப்போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கல்லெறிந்த இளவட்டங்கள் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ராமசுப்புவை யாரும் தேடி வரவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியும் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அருள் வந்தவரு என்ன பண்ணுவாரு" என்று போய்விட்டார். சங்கரபாண்டியன் வீட்டுக்கே வந்து அவர் தோளில் துண்டு போர்த்தினார். "கருப்பன் நம்ம மானத்தக் காப்பாத்திட்டான்" என்றார். அந்தத் துண்டை ராமசுப்பு என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நேரம் தோளிலேயே போட்டிருந்தார்.

மதுரையில் காலேஜில் படிக்கும் மகன் கோகுல் அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தான். சோறு போட்டதைச் சாப்பிடாமல் எழுந்துகொண்டான்.

"ஒலகத்துல எங்க பாத்தாலும் இதான்ப்பா. சாமி, மதம், சண்டை. இந்தச் சாமி மட்டும் இல்லைன்னா அந்த அக்காவுக்குக் கண்ணு இருந்திருக்கும்."

"சாமியச் சொல்லாதடா" என்றார் ராமசுப்பு.

"வேற யாரச் சொல்ல? சொல்லுங்க."

அவருக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. மகன் பையை எடுத்துக்கொண்டு மறு பஸ்ஸுக்கே போய்விட்டான்.

தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். கடவுள் பெயரால் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி அறிவுரை சொன்னார். எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்றும் சொன்னார். இரண்டு தரப்பும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் சங்கையா நின்றுகொண்டிருந்தார். ராமசுப்பு ஒதுங்கிப் போகப் பார்த்தார். சங்கையாவே கூப்பிட்டார்.

"அய்யா, நில்லுங்க. ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. ஒங்க ஒடம்புல எறங்கி அவன் பேசுனா நீங்க என்ன செய்வீக? கருப்பனத்தான் நான் கேக்குறேன். எம்பிள்ள விரதமிருந்து பாரி போட்டா. அவ கண்ணையா கேட்டான் அவன்? வீட்டுல இருந்த சாமி படத்தை எல்லாம் எடுத்துக் கண்மாயில போட்டுட்டேன். இனி எனக்குச் சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

 ராமசுப்பு வாயைத் திறந்தார். சுற்றிலும் ஆட்கள். மூடிக்கொண்டார். கல்லால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன்னை நல்லவன் என்று நம்பி ஒருவன் தன் சாமியையே தூக்கி எறிந்ததைத் தாங்க முடியவில்லை. அதிலிருந்து அவர் சங்கையாவின் ஆட்டோ சத்தம் கேட்டால் கருவை மறைவுக்குப் போய் நின்றுகொள்வார். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் ரெட்டியபட்டிவரை நடந்தே போவார். கோயிலுக்குள் போவதும் நின்றது. கருப்பன் சிலைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. சங்கையா ஏசியதெல்லாம் அவனுக்குப் போகிறதே, அவன் செய்யாத குற்றத்துக்கு அவன் ஏச்சு வாங்குகிறானே என்றிருந்தது.

வருசம் திரும்புவதற்குள் அவர் உடம்பு இளைத்துவிட்டது. அடிக்கடி தலைசுற்றல். ஈஸ்வரி வற்புறுத்தி டவுன் டாக்டரிடம் அனுப்பினாள். சுகர் இருக்கலாம், ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதி எதிர்ச்சாரி லேபுக்கு அனுப்பினார். ராமசுப்பு போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பெயர் கூப்பிட்டார்கள். திரைச்சீலையை விலக்கி உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு நின்றது யுவராணி.

இடது கண் இருந்த இடத்தில் பளிங்குக் கண் அசையாமல் இருந்தது. அவளும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு கணம்தான். பிறகு நாற்காலியைக் காட்டினாள்.

"ஒக்காருங்க. கையை நீட்டுங்க."

வேறு ஆள் இல்லையா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. கையை நீட்டினார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தடவி நரம்பைத் தேடினாள். பஞ்சால் துடைத்தாள். ஊசி இறங்கியது. ரத்தம் வரவில்லை. ஊசியை எடுத்து மறுபடி குத்தினாள். அப்போதும் வரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. முன்னாடி ஒரே குத்துல எடுத்துருவேன். இப்ப ஆழம் சரியாப் பிடிபட மாட்டேங்குது. பழகிட்டு இருக்கேன்" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "அசைக்காதீங்க" என்று அவள் அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து மடக்கச் சொன்னாள். வலிக்கிறதா என்றும் கேட்டாள். அவர் எழுந்து வெளியே வந்தார். ரிசல்ட் வாங்க நிற்கவில்லை. பஸ்ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் போய், துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஈஸ்வரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அன்னைக்குச் சாமி வரல" என்றார்.

ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"சாமி வந்தா ஒங்க கண்ணு யாரையும் பாக்காது. என்னையவே தெரியாது ஒங்களுக்கு. அன்னைக்கு என்னையப் பாத்துட்டுல்ல கத்துனீக."

"பெறகு ஏன்டி இத்தன நாளா கேக்கல?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீகளோன்னு பயம்" என்றாள் ஈஸ்வரி. "நானும் அங்கதான நின்னேன். குலவையும் விட்டேன்."

மறுநாள் காலையில் ராமசுப்பு காலனிக்குப் போனார். அத்தனை வருசத்தில் அவர் அந்தத் தெருவுக்குள் நடந்து போனதில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முக்கில் நின்று குரல் கொடுப்பதோடு சரி. சங்கையா வீட்டு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்கய்யா. என்ன இம்புட்டுத் தூரம்? ஒக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். ராமசுப்பு உட்காரவில்லை. யுவராணி வேலைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தாள். அவளையும் நிற்கச் சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோனது.

"அன்னைக்குக் கருப்பன் என் மேல வரலய்யா. நாந்தான் சொன்னேன். என் வாயால நாந்தான்."

சங்கையாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் மாறியது. 

"அப்ப நீதானா?" என்றார்.

பிறந்ததிலிருந்து சங்கையா அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாந்தான்."

"ஒரு வருசமா நீ அப்பிராணின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எம்பொண்டாட்டி ஒன்னைய ஏசுனப்பக்கூட அவளத்தான் அடக்குனேன். இப்ப எதுக்கு வந்து சொல்ற? ஒன் நெஞ்சு ஆறுறதுக்கா?"

 அது உண்மையாகக்கூட இருக்கலாம் என்று ராமசுப்புவுக்குத் தோன்றியது. காலில் விழப் போனார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் யுவராணி. அவள் குரல் உயரவில்லை. "அப்பா, இவர் சொன்னாலும் சொல்லாட்டியும் கல்லு வந்திருக்கும். மச்சுல சாக்குல கட்டி வச்சிருந்தாங்க. நான் பாத்தேன். எறியணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் சாமியக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க வாயால சொல்லக் கூச்சமா இருந்திருக்கு, சாமி வாயைக் கடன் கேட்டாங்க. இவர் குடுத்தாரு."

"அப்ப சாமி மேல தப்பில்லைங்குறியா?" என்றார் சங்கையா கோபத்தோடு.

"அந்தச் சாமிய அவங்க வாசல்ல நிறுத்தி, நம்மள வரக் கூடாதுன்னு தலைமுறை தலைமுறையாச் சொல்ல வச்சிருக்காங்களேப்பா. தப்பில்லைன்னு எப்படிச் சொல்ல? இருந்தாலும் எறிஞ்ச கை மனுசக் கை." அவள் ராமசுப்பு பக்கம் திரும்பினாள். "எங்ககிட்டச் சொல்லிட்டீங்க. இதை ஸ்டேஷன்ல சொல்வீங்களா? ஊர்ல சொல்வீங்களா?"

"சொல்றேம்மா."

"சொல்லிட்டு வாங்க. பெறகு பேசிக்கலாம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் மன்னிக்கவில்லை என்பது ராமசுப்புவுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டு வந்ததே கொஞ்சம் அதிகப்படியோ என்றும் பட்டது.

அந்த வருசப் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போட்டபோது ராமசுப்பு எழுந்து நின்று சொன்னார்.  பிறகு சங்கரபாண்டியன் மெதுவாகப் பேசினார்.

"ஒடம்பு சரியில்ல பாவம். சுகரு தலைக்கு ஏறிருச்சு போல."

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நீங்களும் அன்னைக்குக் கொட்டகையில என்ன பேசுனீகன்னு நெனச்சுப் பாருங்க."

"சாமி வரலன்னு நீ எப்படிச் சொல்லுவ? வந்தா ஒனக்குத் தெரியாதுன்னு நீதான சொல்வ?" என்று ஒருவர் மடக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பெரிய ஆறுதல் இருந்தது. அவர் சொல்வதை நம்பினால் ஒவ்வொருவனும் தன் கையைப் பார்க்க வேண்டியிருக்கும். ராமசுப்புவுக்குச் சாமிக் குற்றம் ஆகிவிட்டது, கருப்பன் அவரைவிட்டுப் போய்விட்டான் என்று முடிவு செய்தார்கள். அரிவாளை அவர் பங்காளி மகன் மருதுபாண்டியிடம் கொடுத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு மருதுபாண்டியின் மேல் கருப்பன் இறங்கி, "என் சொல்லத் தன் சொல்லுன்னு சொன்னவன நான் மறக்க மாட்டேன்" என்று ஆடியதாக ஈஸ்வரி வந்து சொன்னாள். காலனியிலிருந்து யாரும் முளைப்பாரி போடவில்லை.

ஸ்டேஷனில் அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவே தயங்கினார்கள். வழக்கை ஏன் சிக்கலாக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். மறுபடி மறுபடி போனார். கடைசியில் யுவராணி தரப்பு வக்கீல் மனுப் போட்ட பிறகு, தூண்டிவிட்டவர் என்று அவர் பெயரும் வழக்கில் சேர்ந்தது. மேலத்தெருவில் அவரோடு பேச்சு நின்றது. பருத்தி எடுக்க ஆள் வரவில்லை. அவரும் ஈஸ்வரியும் மட்டும் வெயிலில் நின்று எடுத்தார்கள். கோகுல் லீவுக்கு வந்து கூட நின்று எடுத்துக் கொடுத்தான். "நீங்க பெரிய மனுசம்ப்பா" என்று ஒருநாள் சொன்னான்.

"அப்படிச் சொல்லாதடா" என்றார் ராமசுப்பு. "கேக்க அசிங்கமா இருக்கு."

டவுனிலிருந்து ஒரு வாத்தியார் தேடி வந்தார். மதமும் வன்முறையும் என்று ஒரு கூட்டம் நடத்தப் போவதாகவும், மதம் மனிதனை எப்படி மிருகமாக்குகிறது என்று அவர் வந்து பேச வேண்டும் என்றும் கேட்டார். ராமசுப்பு தலையை ஆட்டினார்.

"மதம் என்னைய ஒண்ணும் ஆக்கலய்யா. நெசமாச் சாமி வந்த அன்னைக்கெல்லாம் நான் யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல. வராத அன்னைக்குத்தான் சொன்னேன்."

"அப்ப மதத்துமேல குத்தமே இல்லைங்கிறீங்களா?"

அவர் யோசித்தார். "என் பேர்ல வந்து கத்தியிருந்தா எவன் கேட்டிருப்பான்? அவன் பேருக்குத்தான கல்லு பறந்துச்சு. அது எப்படின்னுதான் எனக்கு இன்னும் விளங்கல" என்றார். வாத்தியார் காபி குடித்துவிட்டுப் போனார்.

அவருக்காக ஆஜரான வக்கீல் ஒரு வழி சொன்னார். அருள் வந்த நிலையில் சொன்னேன், சுயநினைவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், உள்நோக்கம் இல்லையென்று விடுதலை ஆகிவிடலாம். ஊரே சாட்சி சொல்ல வரும்.

"ஊர் வரும். நான் வர மாட்டேன்" என்றார் ராமசுப்பு.

போன ஆவணியில் யுவராணியை விசாரித்தார்கள். கோர்ட்டு ஹாலில் மின்விசிறி சத்தம் பெரிதாக இருந்தது. குற்றவாளிகள் நிற்கும் இடத்தில் இளவட்டங்களோடு ஓரமாக ராமசுப்புவும் நின்றார். பின்வரிசை பெஞ்சில் சங்கையா. யுவராணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தாண்டக் கூடாது என்று சத்தம் போட்டது யார், இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவள் தலையை முழுக்கத் திருப்பித்தான் அந்தப் பக்கம் பார்க்க முடிந்தது. பார்த்துக் கையை நீட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஈஸ்வரி வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொல்லுச்சு அந்தப் பிள்ள?"

"இவர்தான்னு கையைக் காட்டுச்சு."

"நீங்க?"

"ஒரு எட்டு முன்னால வந்து நின்னேன்" என்றார். "தலைய நிமித்த முடியல."